அருவருப்பும் இளிவரலும்

அழுகிய கனியொன்றைக் கையிலெடுத்தவன் மூக்கைச் சுருக்குகிறான், மேலுதட்டை உயர்த்துகிறான், முகத்தை அப்பால் திருப்புகிறான். அவன் ஒரு சொல்லும் உரையானாயினும், அவன் உள்ளத்து எழுந்த உணர்ச்சி இன்னதென எதிரே நிற்பவன் உணர்ந்துகொள்வான். இம்முகக்குறி நாடு கடந்தது, மொழி கடந்தது. ஆயின், அவ்வுணர்ச்சிக்கு மக்கள் இட்ட பெயர்கள் ஒரு தன்மையன அல்ல. ஒரு மொழியினர் நாவின் சுவையிலிருந்து அதற்குப் பெயர் எடுத்தனர். மற்றொரு மொழியினர் தற்காப்பிலிருந்து எடுத்தனர். வேறொரு மொழியினர் எதிர்ப்பட்ட ஆற்றங்கரையிலிருந்து எடுத்தனர். தமிழர் இன்று அதனை அருவருப்பு என்பர். பண்டை இலக்கணத்தார் ஆண்ட சொல் இளிவரல் என்பது. இவ்விரண்டும் ஒரு பொருட் சொற்களே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நுணுகி நோக்கின் அவை ஒன்றல்ல என்பதும், அவற்றிடையே உள்ள வேறுபாடு மக்கள் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது என்பதும் புலனாகும். அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் வடிவமும் வழக்கும்

அருவருப்பு என்பது அருவரு என்னும் வினையடியிற் பிறந்த தொழிற்பெயர். வெறு என்பது வெறுப்பு எனவும், சலி என்பது சலிப்பு எனவும் ஆவது போல, அருவரு என்பது அருவருப்பு ஆயிற்று. அருவருக்கிறான், அருவருத்தான் என வினைமுற்றுக்கள் அமையும். அருவருப்புக் கொண்டான், அருவருப்பு அடைந்தான், அருவருப்பு ஊட்டிற்று, அருவருக்கத்தக்க செயல் என்பன தொடர்களில் இச்சொல் பயிலும் முறைகள்.

இக்காலத்தில் பலர் இதனை 'அருவெறுப்பு' என வல்லின றுகரம் இட்டு எழுதுகின்றனர். வெறுப்பு என்னும் சொல் இதனுள் மறைந்திருப்பதாகக் கருதியதன் விளைவே அப்பிழை. அரிய வெறுப்பு, அதாவது பொறுத்தற்கு அரிய வெறுப்பு எனப் பிரித்துப் பொருள் கூறுவாரும் உளர். 1924ஆம் ஆண்டு தொடங்கி 1936ஆம் ஆண்டளவும் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இச்சொல்லை இடையின ருகரத்துடனேயே தருகிறது. வெறுப்பும் அருவருப்பும் வேறு சொற்கள், வேறு உணர்ச்சிகள். எழுத்தில் நேரும் மயக்கம் பொருளிலும் மயக்கத்தை உண்டாக்குதலின், மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பகைவனை ஒருவன் வெறுக்கலாம்; ஆயினும் ஒரு திருமண வீட்டில் அவனோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண அவனுக்குத் தடையிராது. அருவருப்போ பந்தியையே பிரித்துவிடும். புலியைக் கண்டவன் அஞ்சுகிறான், அருவருப்பதில்லை. மழைக்காலத்துத் தேயிலை மலையில் காலிற் பற்றிய அட்டையைக் கண்டவன் அருவருக்கிறான். அட்டை தன்னைக் கொன்றுவிடும் என அவன் அஞ்சுவதில்லை. அச்சம் அடிபடுவோம் என்பதாற் பிறப்பது. வெறுப்பு தீங்கு செய்தவன்பாற் பிறப்பது. அருவருப்பு ஒட்டிக்கொள்ளும், உட்புகும் என்பதாற் பிறப்பது. தீண்டல் என்னும் கருத்து இவ்வுணர்ச்சியின் நடுவே நிற்கிறது என்பதை இங்கே மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நலம்.

இவ்விடத்துப் பிறிதொரு மயக்கமும் சுட்டத்தக்கது. 'அசூயையாக இருந்தது' என அருவருப்பைக் குறித்துச் சிலர் எழுதுவர். அசூயை என்னும் வடசொல் பொறாமையைக் குறிப்பது. தூய்மையின்மையைக் குறிக்கும் அசுசி என்னும் சொல்லோடு அது மயங்கியதனால் வந்த வழக்கு இது.

நாவிற் பிறந்த சொற்கள்

அருவருப்பின் சுற்றத்துச் சொற்கள் பலவும் நாவிலும் வயிற்றிலும் பிறந்தவை. உவர் என்பது உப்புச் சுவை. உவர்த்தல் என்னும் வினைக்கு உப்புக் கரித்தல் என்பது ஒரு பொருள். வெறுத்து ஒதுக்குதல் என்பது மற்றொரு பொருள். கசப்பு நாவுக்குரியது, 'அவனுக்கு வாழ்வு கசந்தது' என்னுமிடத்து அது மனத்துக்குரியதாயிற்று. மிகையாக உண்ட இனிப்புத் தெவிட்டும், உவட்டும். குமட்டல் வயிற்றின் செயல்; ஓங்காளம் தொண்டையின் செயல். ஆங்கிலத்தார் ஆளும் டிஸ்கஸ்ட் என்னும் சொல்லும் இவ்வினத்ததே. சுவையைக் குறிக்கும் குஸ்துஸ் என்னும் இலத்தீன் சொல்லோடு மறுத்தலைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்ந்து அது பிறந்தது.

பிறந்த குழந்தையின் நாவிற் கசப்பு நீர் ஒரு துளி படின், அது முகஞ்சுளித்து வெளியே தள்ளும். அஃது இயற்கை அளித்த காவல். நஞ்சுடைய காயும் இலையும் பெரும்பாலும் கசத்தலின், கசப்பை உமிழ்ந்த உயிர் பிழைத்தது. ஆயினும் அக்குழந்தைக்கு அழுக்கின்பால் அருவருப்பு இல்லை. தன் மலத்தையும் அது கையால் அளைந்து விளையாடும். 'சீ, தொடாதே' என்னும் தாயின் சொல்லும் முகக்குறியும் அதற்கு அருவருப்பைக் கற்பிக்கின்றன. கசப்பு உடன்பிறந்தது, அருவருப்பு பெரிதும் வளர்ப்பில் வந்தது. எதனை அருவருக்கலாம், எதனை அருவருத்தலாகாது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தன் மக்களுக்குக் கற்பிக்கிறது என்பதே இதன் பொருள்.

இளிவரல் என்னும் மெய்ப்பாடு

தெமோதரையில் புகையிரதப் பாதை நிலையத்தை விட்டு நீங்கி, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே அமைந்த சுரங்கத்தின் வழியாகச் சென்று பதுளையை நோக்கி ஓடும். மேலே நிற்பவனுக்குத் தன் காலடியில் மற்றொரு பாதை உண்டென்பது தெரியாது. அருவருப்பு என்னும் இன்றைய சொல்லின் அடியிலும் பழைய பாதையொன்று செல்கிறது. அதுவே இளிவரல்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு என்பர். உவகை, வெகுளி, பெருமிதம், அச்சம், மருட்கை, அழுகை, நகை என்பவற்றோடு இளிவரலையும் சேர்த்து மெய்ப்பாடு எட்டென வகுத்தது அந்நூல். இளி என்பது இகழ்ச்சி. வரல் என்பது வருதல். ஆகவே இளிவரல் என்பதற்கு, ஒருவனுக்கு இழிவு வந்து நேர்தல் என்பதே சொல்வழிப் பொருள். ஏழிசையுள் ஒன்றற்கும் இளி என்னும் பெயர் உண்டு. அது வேறு சொல். இழிவு என்பதும் வேறு வேரினது. இழிதல் என்பது மேலிருந்து கீழிறங்குதல். பதுளைக்கு அண்மையில் 64 மீற்றர் உயரத்தினின்று வீழும் துன்ஹிந்த அருவியை 'இழியும் அருவி' எனலாம். அருவிக்கு அதனால் இகழ்ச்சி இல்லை. மனிதருள் ஒருவரை மேலென்றும் மற்றவரைக் கீழென்றும் வைத்த பின்னரே இழிதல் என்னும் நற்சொல் இழிவு என்னும் வசையாயிற்று.

இளிவரல் எவற்றாற் பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியர் நான்கு காரணம் கூறுவர். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன அவை. மென்மை என்பதற்கு நல்குரவு, அதாவது வறுமை எனப் பொருள் கொள்வது உரைமரபு. இந்நான்கனையும் ஊன்றி நோக்குதல் வேண்டும். பிணம் இல்லை, புழு இல்லை, மலம் இல்லை, நாற்றம் இல்லை. அருவருப்புக்கு இன்று உலகம் காட்டும் பொருள்களுள் ஒன்றேனும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. நான்கும் மனிதனுக்கு நேரும் நிலைகள், எவருக்கும் நேரக்கூடியவை. மெய்ப்பாடுகள் சில தன்னிடத்துத் தோன்றுவனவும் பிறரிடத்துத் தோன்றுவனவும் என இருவகைப்படும் என உரையாசிரியர் விளக்குவர். ஆதலின் இளிவரல் என்பது, பிறர் தாழ்நிலையைக் கண்டவன் உணர்ச்சி மட்டுமன்று. தாழ்நிலை உற்றவனே தன்னை நினைந்து கொள்ளும் உணர்ச்சியுமாகும்.

புறநானூற்றில் இதற்குத் தக்க சான்றுகள் உள. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், இளமையில் நீர்த்துறை மரத்தின் கிளையேறிக் குதித்து மடுவின் அடிமணலை அள்ளிவந்த நாளையும், தடியூன்றி இருமலிடையே சில சொல் மொழியும் முதுமை நாளையும் ஒருங்கு வைத்து இரங்கினார். அது மூப்பினால் வந்த இளிவரல். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானாற் சிறைப்பட்டு, குடவாயிற் கோட்டத்திற் கிடந்தபோது தண்ணீர் கேட்டான் என்றும், காவலர் காலந்தாழ்த்துக் கொடுத்த நீரைப் பருகாது உயிர் துறந்தான் என்றும் புறநானூற்றின் 74ஆம் பாட்டின் குறிப்பு உணர்த்தும். அந்நீரில் அழுக்கு இல்லை, நாற்றம் இல்லை. நாவும் தொண்டையும் அதனை வேண்டின. ஆயினும் அவன் பருகவில்லை. அவன் விலக்கியது நீரையன்று. இரந்து பெற்றோம் என்னும் இழிவை.

திருவள்ளுவரும் இச்சொல்லை இப்பொருளிலேயே ஆண்டார். தாகமுற்ற பசுவுக்கு நீர் வேண்டுமென இரந்து கேட்பினும், அவ்விரத்தலைப் போல நாவுக்கு இளிவு தருவது வேறில்லை என்பது இரவச்சம் என்னும் அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து. பிறர் நாவுக்கு ஒவ்வாத சுவையிலிருந்து அருவருப்புக்குப் பெயர் எடுத்திருக்க, வள்ளுவர் நாவுக்கு ஒவ்வாதது ஒன்று உண்டெனின் அது இரப்புச் சொல்லே என்றார். மானம் என்னும் அதிகாரத்தின் இறுதியிலும், இளிவு வரின் உயிர்வாழாதாரை உலகம் போற்றும் என்றார்.

பிற்காலத்துத் தண்டியலங்காரம் சுவையணியின் எண்வகையுள் இதனை இழிப்பு எனப் பெயரிட்டு வடமொழியின் பீபத்ஸச் சுவையோடு ஒன்றாக்கியது. அன்று முதல் இளிவரல் என்னும் சொல்லின் உட்பொருள் மங்கி, அருவருப்பு என்னும் புறப்பொருளே மேலோங்கிற்று. சுருங்கக் கூறின், அருவருப்பு என்பது காண்பவன் சொல். இளிவரல் என்பது காணப்படுபவன் சொல்லுமாகும்.

அண்டை மொழிகளின் சான்று

பரதமுனிவரின் நாட்டிய சாத்திரத்தில் பீபத்ஸச் சுவைக்கு நிலைக்களமான உணர்ச்சி ஜுகுப்ஸை. காத்தல் என்னும் பொருளுடைய குப் என்னும் வேரினின்றும் விருப்பப் பொருள் விகுதியேற்றுப் பிறந்த சொல் அது. இதன் வினைவடிவத்தைப் பாணினியின் இலக்கணம் தனியே விதந்து கூறும். தன்னைக் காத்துக்கொள்ள விரும்புதல் என்பதே அதன் முதற்பொருள். அழுக்கினின்றும் அழிவினின்றும் உடலைக் காக்க விரும்பியவன் அவற்றை விலக்கினான், விலக்கல் அருவருப்பாயிற்று.

அருச்சுனனுக்குப் பீபத்ஸு என்பது ஒரு பெயர். இழிந்த பொருளுடைய சொல் வீரனுக்குப் பெயராதல் எங்ஙனம் என்னும் ஐயத்துக்கு மாபாரதத்தின் விராட பருவம் விடை தருகிறது. உத்தரனுக்குத் தன் பெயர்களை விளக்கும் அருச்சுனன், போர்க்களத்தில் அருவருக்கத்தக்க செயலைத் தான் ஒருபோதும் செய்வதில்லை. ஆதலின் இப்பெயர் பெற்றேன் என்கிறான். அருவருப்பு இங்கே பிறரை நோக்கவில்லை. தன் செயலை நோக்கிக் காவல் நிற்கிறது.

ஊவா மலைநாட்டில் தமிழரோடு அயலவராய் வாழும் சிங்களவர் இவ்வுணர்ச்சியைப் பிளிகுல் என்பர். பாளி மொழியின் படிக்கூல என்பதன் திரிபு அது. கூலம் என்பது கரை அல்லது சரிவு. படி என்பது எதிர். எதிர்ச் சரிவாய் நிற்பது, இயல்பாய்ச் செல்லுதற்கு ஒவ்வாதது என்பது அதன் வேர்ப்பொருள். பௌத்தர் பயிலும் தியானங்களுள் ஒன்று பிளிகுல் பாவனை எனப்படும். மயிர், நகம், பல், தோல் எனத் தொடங்கித் தன் உடலின் முப்பத்திரண்டு கூறுகளையும் எண்ணி, உடற்பற்றை அகற்றுதல் அத்தியானத்தின் நெறி. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் வாழ்ந்த புத்தகோசர் தமது விசுத்திமக்கத்தில் இதனை விரித்துரைத்தார். இங்கும் அருவருப்பின் முகம் தன் உடலை நோக்கியே திரும்பியிருக்கிறது.

இடக்கரடக்கல்

தமிழிலக்கணம் அருவருப்பை ஒறுக்கவில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தது. அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுக எனத் தொல்காப்பியம் எச்சவியலில் விதித்தது. நன்னூலார் அதனை இடக்கரடக்கல் எனத் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக வைத்தார். 'கால் கழுவி வந்தான்', 'வெளிக்குப் போனான்' என்பன இன்றும் வழங்கும் எடுத்துக்காட்டுக்கள். கேட்பவன் உள்ளத்து அருவருப்பு எழாதவாறு பேசுபவன் தன் சொல்லை அடக்கிக்கொள்ளுதலே அவ்வழக்கின் நோக்கம்.

மலைநாட்டுத் தோட்டங்களிற் கழிவிடங்களைத் துப்புரவு செய்தவரை 'வாசற்கூட்டி' என அழைத்த வழக்கு உண்டு. அவர் செய்த தொழிலின் முழுப்பெயரைக் கூற நா கூசிற்று. ஆகவே வாசலைக் கூட்டுபவர் என்னும் மெல்லிய பெயர் அமைந்தது. சொல் இடக்கரடக்கலின் நெறி நின்றது. ஆயின், அச்சொல்லுக்குரிய மனிதரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய கை அந்நெறியில் நிற்கவில்லை. சொல்லை மறைத்தவர் மனிதரையும் மறைவிடத்தில் வைத்தனர். இடக்கரடக்கலின் பயன் இங்கே தலைகீழாயிற்று.

பொருளிலிருந்து மனிதனுக்கு

அருவருப்பு பொருளினின்று மனிதனுக்குத் தாவும் வழி நுட்பமானது. டார்வின் 1872ஆம் ஆண்டில் வெளியிட்ட, மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்ச்சிகள் வெளிப்படுமாற்றை ஆராய்ந்த நூலில் தம் அனுபவம் ஒன்றை எழுதினார். தென்னமெரிக்காவின் தென்முனையிலுள்ள தியரா தெல் பியூகோ என்னும் நாட்டில் அவர் பதப்படுத்திய இறைச்சியை உண்டுகொண்டிருந்தபோது, அந்நாட்டவன் ஒருவன் அதனை விரலால் தொட்டுப் பார்த்து, அதன் மென்மையை அருவருத்தான். அவன் தொட்டமையால் டார்வினும் அவ்வுணவை அருவருத்தார். அவன் கைகள் அழுக்காகத் தோன்றவில்லை என அவரே எழுதியிருப்பது கருதத்தக்கது. ஒருவன் அருவருத்தது பொருளை. மற்றவர் அருவருத்தது தொட்ட மனிதனை.

அமெரிக்க உளநூல் அறிஞர் போல் ரோசின் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை விளக்கும். கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியொன்றைப் பழச்சாற்றிற் சிறிது அமிழ்த்தி எடுத்துவிட்டு, அச்சாற்றைப் பருகுமாறு கூறியபோது மக்கள் அதனை விரும்பவில்லை. நோய் வராது என அறிவு கூறிற்று, தீண்டப்பட்டது என உணர்ச்சி கூறிற்று, உணர்ச்சியே வென்றது. ஒருமுறை தீண்டியது என்றும் தீண்டியதே என்பது இவ்வுணர்ச்சியின் கணக்கு. நீரால் கழுவினும் போகாத அழுக்கு என்று ஒன்றை மனிதன் கற்பித்துக்கொண்டது இக்கணக்கினாலேயே. தீண்டாமை என்னும் கொடுமைக்கு உள்ளத்திலுள்ள வேர்களுள் இதுவும் ஒன்று.

இலங்கையில் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பொதுவிடங்களில் விலக்குதல் குற்றமெனக் கூறிற்று. இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு 1950ஆம் ஆண்டிலேயே தீண்டாமையை ஒழித்தது. சட்டம் வந்த பின்னரும் வடபுலத்துத் தேநீர்க் கடைகளில் சிலருக்கு உட்புக உரிமையில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் சென்ற ஊர்வலமும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த போராட்டமும், அவற்றோடு ஒருங்கே எழுந்த தேநீர்க்கடைப் பிரவேச முயற்சிகளும் அவ்வுரிமையை வேண்டியவை. மலைநாட்டுக் கைகள் கொய்த கொழுந்திலிருந்து வந்த தேநீரை எவரும் அருவருத்ததில்லை; அதனைப் பருக வந்த உதடுகளையே அருவருத்தனர். பொருளுக்குத் தூய்மை தந்து மனிதனுக்கு அழுக்கைத் தந்த விந்தை இது.

மலைநாட்டுத் தமிழர் வரலாற்றிலும் இத்தாவலைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிற் சில நாள் தடுத்துவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குப் பின் கடல் கடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் பரவாமற் காத்தல் அதன் நோக்கம். அது ஜுகுப்ஸையின் முதற்பொருளுக்கு ஒத்ததே. ஆனால், நோயை விலக்கும் கருத்து நாளடைவில் நோயுறக்கூடியவனை விலக்கும் கருத்தாக விரிந்தது. ஒரு கூரையின் கீழ் வரிசையாய்க் கட்டிய லயன் அறைகளுக்குப் போதிய நீரும் கழிவிட வசதியும் செய்துகொடாதவர்களே, அங்கு வாழ்வோரைத் தூய்மையற்றவர் என்றனர். வசதியின்மை குணக்கேடாக எண்ணப்பட்டது.

சொற்களும் இதற்குத் துணை நின்றன. கூலி என்பது தமிழில் உழைப்புக்கு ஈடான ஊதியம். தெய்வத்தால் ஆகாததாயினும் முயற்சி தன் மெய்வருத்தத்துக்கு ஏற்ற கூலியைத் தரும் என்னும் கருத்தை வள்ளுவர் கூறியபோது அச்சொல் பெருமையோடு நின்றது. காலனித்துவ ஆட்சியின் ஏடுகளில் அது ஊதியத்தின் பெயராயிராது, ஆளின் பெயராயிற்று. ஊதியத்தைப் பெறுபவனிடம் ஊதியத்தைக் குறைத்து, அதன் பெயரை மட்டும் அவனுக்கே சூட்டினர் எனலாம். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்னும் சொற்களும் எழுந்தன. இவற்றை வழங்கியோருள் பிற மொழியினர் மட்டுமல்லர், தமிழ் பேசுவோரும் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வாக்குரிமை பறிக்கப்பட்டதும் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. ஒரு மக்களை இகழும் சொல் நாட்டில் இயல்பாக வழங்கிவரின், அவர் உரிமையைப் பறிக்கும் சட்டம் பலருக்குக் கொடுமையாகத் தோன்றுவதில்லை.

தொல்காப்பியர் கூறிய நான்கனுள் வருத்தமும் மென்மையும் இங்கே ஒருங்கே நிற்கின்றன. மெய்வருத்தமும் வறுமையும் உடையாரைக் கண்டவர், இளிவரல் கொள்ள வேண்டிய இடத்தில் அருவருப்புக் கொண்டனர். இளிவரல் கொண்டிருப்பின், 'இந்நிலை இவர்க்கு எதனால் வந்தது' என்னும் வினா எழுந்திருக்கும். அருவருப்பு வினா எழுப்புவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

தலவாக்கலையும் பூண்டுலோயாவும் சூழ்ந்த மலைகளின் வாழ்வை எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோரின் பணி, முகந்திருப்பியவரை மீண்டும் நோக்கச் செய்த பணியாகும். அண்மையில், மலையக மக்களின் முன்னோர் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமொன்று நிகழ்ந்தது. அதனை நடத்தியோர் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் பெயரை மேற்கொண்டனர். கூலி, தோட்டக்காட்டான் என வந்த பெயர்களுக்கு நேரெதிரே மாண்பு என்னும் சொல் வந்து நின்றது. இளிவரல் உற்றவர் தாமே தம் பெயரைத் திருத்திக்கொண்டமைக்கு இது சான்று.

அருவருப்பைக் கடந்தோர்

அருவருப்பை வெல்லுதல் இயலுமோ என வினவுவார்க்குச் சைவ மரபு விடை வைத்திருக்கிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் ஆறாம் திருமுறையிலுள்ள திருத்தாண்டகம் ஒன்றில், தொழுநோயால் உறுப்புக்கள் குறைந்து அழுகியவராயினும், பசுவை உரித்துத் தின்னும் புலையராயினும், கங்கையைச் சடையிற் கரந்த பெருமானுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்கும் கடவுள் என்றார். அவர் எடுத்த சான்று தற்செயலானதன்று. பிணியினால் வரும் அருவருப்பு, பிறப்பினால் வைத்த அருவருப்பு, உணவினால் வரும் அருவருப்பு ஆகிய மூன்றையும் ஒருவர்மேலேயே ஏற்றி, அவர்முன் கை கூப்பினார். தாமும் சூலைநோயால் வருந்தியவராதலின், பிணியினால் வரும் இளிவரலை அவர் உள்ளிருந்து அறிந்தவர்.

பௌத்தர் போற்றும் விநயபிடகத்திலும் இதற்கு நிகரான வரலாறு உண்டு. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரை உடனுறைந்த பிக்குகள் கைவிட்டனர். அங்கு வந்த புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாலேயே அவரைக் கழுவித் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினார். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயுற்றோர்க்குப் பணிசெய்க என்றார். தன் உடலைப் பிளிகுல் எனத் தியானிக்கச் சொன்ன அதே நெறி, பிறர் உடலை அருவருக்க விடவில்லை.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின் ஒரு முறை தெளிவாகும். அழுகலும் கழிவும் அருவருக்கத்தக்கன. அவ்வுணர்ச்சி உடலைக் காக்கிறது. தன் தீச்செயல் அருவருக்கத்தக்கது. அவ்வுணர்ச்சி மானத்தைக் காக்கிறது. மூப்பும் பிணியும் வருத்தமும் வறுமையும் உற்ற மனிதரோ அருவருக்கத்தக்கவர் அல்லர். அவர்பாற் செல்ல வேண்டியது இளிவரல். 'கழிவு அருவருப்பானது' என்பது சரியான தொடர். 'கழிவகற்றுபவர் அருவருப்பானவர்' என்பது இலக்கணப் பிழையற்ற தொடராயினும் பொருட்பிழை உடையது, அறப்பிழையும் உடையது.

வகுப்பறையில் எழுத்துப்பிழை திருத்தப்படுகிறது, சந்திப்பிழை திருத்தப்படுகிறது. ஒரு மாணவன் அருகிருக்கும் மாணவனின் கிழிந்த உடையைக் கண்டு முகத்தைச் சுளிக்கும்போது நேரும் பொருட்பிழையும் அங்கேயே திருத்தப்படுதல் வேண்டும். அருவருப்பு கற்பிக்கப்படுவதாதலின், அதன் எல்லையும் கற்பிக்கப்படக் கூடியதே. அவ்வெல்லைக்கு இளிவரல் என்னும் பெயரை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய மொழியொன்று முன்னரே வைத்திருக்கிறது. வழக்கொழிந்த அச்சொல்லை மீண்டும் பேச்சிற் கொணர்தல் இயலாதிருக்கலாம். அதன் பொருளை உள்ளத்திற் கொணர்தல் இயலும்.